தெரிந்த பிறகும் தேர்ந்தெடுப்பது

கேட்கப்பட்ட கேள்வி இது: ஒருமுறை காதலித்தோ மணந்தோ பிரிந்துபோன இருவர், முப்பதுகளிலும் நாற்பதுகளிலும் மீண்டும் சேர்கிற ஆங்கில நாவல்களை இன்று இத்தனை பேர் விரும்பிப் படிப்பது ஏன்? முடிவு முதல் பக்கத்திலேயே தெரிந்துவிடும்போது, பழைய நினைவுகளில் திளைக்கும் ஏக்கத்தைத் தவிர இவற்றில் வேறென்ன இருக்கிறது? படித்துப் பார்ப்பதானால் எதிலிருந்து தொடங்கலாம்?

இந்த வகை நாவல்களை நீண்ட காலமாகப் படித்துவருகிறவன் என்ற முறையில் என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏக்கம் இந்த நாவல்களின் வாசல் மட்டுமே. உள்ளே நடப்பது ஒரு கணக்குப் பார்த்தல். யார் யாருக்கு என்ன செய்தார், எதைச் செய்யாமல் விட்டார், எந்தச் சொல்லை எந்த நாளில் சொல்லியிருக்க வேண்டும் என்று இருவர் எதிரெதிரே அமர்ந்து பார்க்கும் கணக்கு. முதற்காதல் கதையில் வருகிறவர்களுக்கு எதிரில் இருப்பவரைப் பற்றி ஒன்றும் தெரியாது. தெரியாமையே அங்கே பாதி இனிமை. இங்கே இருவருக்கும் எல்லாம் தெரியும். இவர் சண்டை வந்தால் எப்படி வாயை மூடிக்கொள்வார், துயரம் வந்தால் எந்த அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார் என்பது வரை தெரிந்த பிறகும் ஒருவர் அவரையே தேர்ந்தெடுப்பதற்கு என்ன நியாயம் இருக்க முடியும் என்பதுதான் இந்தக் கதைகள் எழுப்பும் கேள்வி. அது வயது வந்தவர்களின் கேள்வி.

பெயரில் உள்ள ஒரு குழப்பத்தை இங்கே நீக்கிவிட வேண்டும். ‘இரண்டாம் வாய்ப்பு’ என்ற சொல் இரண்டு வேறு பொருள்களில் வழங்கிவந்திருக்கிறது. கணவரை இழந்தவரோ மணமுறிவு பெற்றவரோ புதிய ஒருவரைக் காதலிப்பது ஒன்று. பிரிந்த அதே இருவர் திரும்பிச் சேர்வது மற்றொன்று. இன்றைய வாசகர்கள் பெரும்பாலும் இரண்டாவதையே குறிக்கிறார்கள். நானும் அதைப் பற்றியே எழுதுகிறேன்.

முடிவு தெரிந்துவிடுகிறது என்ற குறை உண்மையானதே. அமெரிக்கக் காதல் நாவலாசிரியர்களின் சங்கம் தங்கள் வகைக்கு வகுத்த இலக்கணத்தில் இரண்டே நிபந்தனைகள் உண்டு: காதல் கதை மையத்தில் இருக்க வேண்டும், முடிவு மனத்துக்கு நிறைவும் நம்பிக்கையும் தர வேண்டும். ஆகவே இருவரும் சேர்வார்களா என்ற கேள்வியோடு யாரும் இந்த நூல்களைக் கையில் எடுப்பதில்லை. பாரதக் கூத்துக்குப் போகிறவர்களுக்குத் திரௌபதி கடைசியில் கூந்தல் முடிவாள் என்பது தெரியும். தெரிந்துதான் விடியும்வரை பாயில் உட்கார்ந்திருக்கிறார்கள். முடிவு உறுதியாக இருப்பதால், பிரிவின் மிகக் கசப்பான பகுதிகளை எழுத்தாளர் அஞ்சாமல் திறந்து காட்ட முடிகிறது. வாசகரும் அவற்றை நின்று பார்க்க முடிகிறது. இறந்து பிறந்த குழந்தை, குடி, மனச்சோர்வு, நம்பிக்கைத் துரோகம் ஆகியவற்றை ஒரு காதல் கதை தாங்க வேண்டுமானால் அடியில் வலை விரித்திருக்க வேண்டும்.

இந்த வகை ஏன் உருவாயிற்று என்பதைப் புரிந்துகொள்ள 1981ஆம் ஆண்டைப் பார்ப்பது நல்லது. தவறு யாருடையது என்று நிறுவாமலே மணமுறிவு பெறலாம் என்ற சட்டம் கலிபோர்னியாவில் 1970 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்தது. மற்ற மாநிலங்களும் ஒவ்வொன்றாக அந்த வழியில் சென்றன. 1981 வாக்கில் அமெரிக்காவின் மணமுறிவு விகிதம் ஆயிரம் பேருக்கு 5.3 என்ற உச்சத்தில் இருந்தது. அதே ஆண்டில்தான் நியூயார்க்கின் ஜோவ் பதிப்பகம் ‘செகண்ட் சான்ஸ் அட் லவ்’ என்ற பெயரிலேயே ஒரு நாவல் வரிசையைத் தொடங்கியது. அதுவரை இத்தகைய மலிவுப் பதிப்பு நாவல்களின் நாயகி பெரும்பாலும் இளவயதினள், ஆண் துணை அறியாதவள். புதிய வரிசையின் நாயகிகள் ஏற்கெனவே ஒரு வாழ்க்கையை வாழ்ந்து முடித்தவர்கள். கடையில் அந்தப் புத்தகத்தை எடுத்த பெண்ணும் அப்படிப்பட்டவளாக இருந்திருக்கக்கூடும். தன் கதை முடிந்துவிட்டதாக ஊரும் உறவும் நினைத்த ஒருத்தியை நாயகியாக நிறுத்தியது சிறிய செயல் அல்ல என்று நான் கருதுகிறேன்.

ஹார்வர்டில் தத்துவம் கற்பித்த ஸ்டான்லி கவெல், ஹாலிவுட்டின் மறுமண நகைச்சுவைப் படங்களைப் பற்றிய தம் நூலை வெளியிட்டதும் அதே 1981இல்தான். 1934 முதல் 1949 வரை வந்த ஏழு படங்களை எடுத்துக்கொண்டு அவர் சொன்னதன் சாரம்: பழைய நகைச்சுவை நாடகங்கள் இளைஞர் இருவர் தடைகளைத் தாண்டி ஒன்று சேர்வதைப் பற்றியவை, இந்தப் படங்களோ பிரிந்த அல்லது பிரியப்போகிற இருவர் மறுபடி ஒன்று சேர்வதைப் பற்றியவை. முந்தையதில் தடை வெளியே இருக்கிறது: தந்தை, செல்வம், குலம். பிந்தையதில் தடை இருவருக்குள்ளும்தான் இருக்கிறது. தந்தையின் மனத்தை மாற்றிவிட்டால் முதல் வகைக் கதை முடிந்துவிடும். இரண்டாம் வகைக் கதையில் மாற வேண்டியவர்கள் காதலர்களே. இன்றைய நாவல்களுக்கும் இந்த வேறுபாடு அப்படியே பொருந்துகிறது.

ஆயினும் எல்லோரும் திரும்பிப் பார்க்கும் மூலநூல் இவற்றுக்கெல்லாம் மிக முந்தியது. ஜேன் ஆஸ்டின் 1817 ஜூலையில் இறந்தார். அவருடைய ‘பெர்சுவேஷன்’ அந்த ஆண்டின் இறுதியில் வெளிவந்தது. ஆன் எலியட் பத்தொன்பது வயதில் ஃபிரெட்ரிக் வென்ட்வொர்த் என்ற கடற்படை அதிகாரிக்கு நிச்சயிக்கப்படுகிறாள். அவனிடம் பணமும் இல்லை, பெரிய குடும்பத்தின் பின்பலமும் இல்லை. தாயின் இடத்தில் இருந்த லேடி ரஸ்ஸல் அறிவுறுத்தியதால் அவள் அந்த உறவை முறித்துக்கொள்கிறாள். எட்டு ஆண்டுகளுக்குப் பிறகு அவன் போரில் கைப்பற்றிய கப்பல்களின் பங்காக 25,000 பவுண்டு ஈட்டிய தளபதியாகத் திரும்பி வருகிறான். அவளுக்கு இப்போது இருபத்தேழு வயது. அன்றைய கணக்கில் அது மண வயது கடந்துபோகிற வயது. அடையாளமே தெரியாதபடி மாறிவிட்டாள் என்று அவன் சொன்னது அவள் காதுக்கும் வந்து சேர்கிறது.

இந்த நாவலைப் பற்றிப் பேசுகிறவர்கள் அவன் எழுதும் கடிதத்தையே போற்றுவார்கள். அந்தக் கடிதத்துக்குப் பின் இருவரும் பேசிக்கொள்ளும் இடம்தான் என்னை ஒவ்வொரு முறையும் நிறுத்துகிறது. 1808இல், கையில் சில ஆயிரம் பவுண்டும் தனக்கென ஒரு கப்பலும் வந்த பிறகு, தான் அவளுக்குக் கடிதம் எழுதியிருந்தால் நிச்சயத்தைப் புதுப்பித்திருப்பாளா என்று அவன் கேட்கிறான். புதுப்பித்திருப்பாள் என்பது அவள் விடையிலிருந்து சந்தேகமில்லாமல் தெரிகிறது. அதுவரை லேடி ரஸ்ஸலையும் ஆனின் மனத்தளர்ச்சியையுமே குற்றவாளிக் கூண்டில் நிறுத்தியிருந்தவன், பிரிவின் எஞ்சிய ஆறு ஆண்டுகளுக்குத் தன் செருக்கே காரணம் என்பதை அந்தக் கணத்தில் ஒப்புக்கொள்கிறான். எட்டு ஆண்டுகளில் இரண்டு அவள் பொறுப்பு, ஆறு அவன் பொறுப்பு. ஆனும் தன் பங்குக்கு, தனக்குத் தரப்பட்ட அறிவுரை பிழையாக இருந்திருக்கலாம் என்றும், அந்த வயதில் தாயைப் போன்றவரின் சொல்லுக்குப் பணிந்தது சரியே என்றும் நின்று வாதிடுகிறாள். காதலை மீட்டுக்கொள்வதற்காக அவள் தன் கடந்த காலத்தைப் பொய்யாக்கிக் காட்டவில்லை. இத்தனை துல்லியமான கணக்கை இருநூறு ஆண்டுகளுக்குப் பிறகு எழுதுகிறவர்களில் பலரால்கூடச் செய்ய முடிவதில்லை.

ஆஸ்டின் இந்த இடத்துக்கு எளிதாக வந்து சேர்ந்துவிடவில்லை. 1816 ஜூலையில் நாவலை முடித்தபோது, ஒரு குழப்பமான தூது சொல்லும் வேலையைத் தளபதியின் தலையில் கட்டி, ஓர் அறையில் இருவரையும் தனியாக விட்டுச் சேர்த்துவைத்திருந்தார். அது அவருக்கு நிறைவு தரவில்லை. ஆகஸ்டு தொடக்கத்துக்குள் அந்த முடிவை மாற்றி எழுதினார். பழைய முடிவின் கையெழுத்துப் பிரதி இன்றும் லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. புதிய முடிவில், ஒரு விடுதி அறையில் ஆன் மற்றொருவரிடம், நம்பிக்கை அற்றுப்போன பிறகும் நீடித்துக் காதலிப்பவர்கள் பெண்களே என்று பேசிக்கொண்டிருக்கிறாள். சற்றுத் தள்ளி வேறொரு வேலையாக எழுதிக்கொண்டிருக்கும் வென்ட்வொர்த் அதைக் கேட்டு அங்கேயே கடிதத்தை எழுதுகிறான். முதல் முடிவில் அவர்களைச் சேர்த்தது தற்செயல். இரண்டாவதில் அவளுடைய சொல்லே அவனை எழுதவைக்கிறது. பத்தொன்பது வயதில் பிறர் பேச்சைக் கேட்டு வாய் மூடியவள், இருபத்தேழில் தன் வாயால் பேசித் தன் வாழ்க்கையைத் திருப்புகிறாள். பிரிந்த இடத்தில் எந்தக் குணம் அவர்களைத் தோற்கடித்ததோ, அந்தக் குணம் மாறியிருப்பது சேருமிடத்தில் தெரிய வேண்டும் என்ற இந்த வகையின் எழுதப்படாத விதி அங்கேதான் பிறந்தது என்று நான் நம்புகிறேன்.

ஏக்கம் பற்றிய கேள்விக்கு வருகிறேன். நடுவயதைக் கடந்தவர்களிடம் வாழ்க்கை நினைவுகளைக் கேட்டால், ஏறத்தாழப் பத்து வயது முதல் முப்பது வயது வரையிலான காலத்து நினைவுகளே மிகுதியாக மேலெழுகின்றன என்பதை உளவியலாளர்கள் பலமுறை கண்டிருக்கிறார்கள். முதன்முதலாகக் காதலித்தவரின் நினைவு மற்ற நினைவுகளைவிடக் கூர்மையாக இருப்பதற்கு அவர் ஒப்பற்றவராக இருந்தாக வேண்டியதில்லை. நமக்கு அப்போது இருந்த வயதே போதும். வருத்தத்தைப் பற்றி 1995இல் தாமஸ் கிலோவிச்சும் விக்டோரியா மெட்வெக்கும் எழுதிய ஆய்வு இதற்கு இன்னும் நெருக்கமானது. அண்மையில் நடந்தவற்றை எண்ணும்போது மனிதர்கள் செய்துவிட்ட செயலுக்காக வருந்துகிறார்கள். வாழ்க்கை முழுவதையும் திரும்பிப் பார்க்கும்போது செய்யாமல் விட்டவற்றுக்காகவே வருந்துகிறார்கள். எழுதாத கடிதம், கேட்காத மன்னிப்பு, போக வேண்டாம் என்று சொல்லாத அந்த ஒரு மாலை ஆகியவை ஆண்டுகள் ஏற ஏறக் கனக்கின்றன. இருபது வயதில் இந்தக் கதைகள் பலரைத் தொடாமல் போவதற்கும், நாற்பதில் அதே கதைகள் தொண்டையை அடைப்பதற்கும் இதுவே காரணம் என்று நினைக்கிறேன். ஆனால் ஏக்கம் வாசகரை உள்ளே அழைத்து வரும். முந்நூறு பக்கம் உட்காரவைக்காது.

உட்காரவைப்பது எது என்பதற்கு அண்மைக்கால நாவல்களில் நான் முதலில் சுட்டுவது கென்னடி ரயன் 2022இல் எழுதிய ‘பிஃபோர் ஐ லெட் கோ’. ரயன், அமெரிக்கக் காதல் நாவல்களுக்கான ரீட்டா விருதை 2019இல் பெற்றவர். அந்த விருதைப் பெற்ற முதல் கறுப்பினப் பெண் எழுத்தாளர்கள் இருவரில் ஒருவர். நாவல் அட்லாண்டாவில் நடக்கிறது. யாஸ்மென், ஜோசையா வேட் இருவரும் மணமுறிவு பெற்றுவிட்டார்கள். ஆனால் சேர்ந்து தொடங்கிய ‘கிரிட்ஸ்’ என்ற உணவகத்தை இன்னும் சேர்ந்தே நடத்துகிறார்கள். இரண்டு பிள்ளைகளையும் சேர்ந்தே வளர்க்கிறார்கள். அவர்களுடைய மூன்றாவது குழந்தை இறந்தே பிறந்தது. அதையொட்டி ஜோசையாவை வளர்த்த அத்தையும் இறந்தார். யாஸ்மென் எழுந்திருக்கவே முடியாத மனச்சோர்வில் விழுந்தாள். ஜோசையா துயரத்தைத் தொடாமல் வேலைக்குள் ஒளிந்துகொண்டான். மணமுறிவு கேட்டவள் அவள்.

இந்த நாவலில் கெட்டவர் ஒருவரும் இல்லை; வீண் சந்தேகமோ மறைத்துவைத்த கடிதமோ இல்லை. இரண்டு நல்ல மனிதர்கள் ஒரே துயரத்தை இரண்டு வெவ்வேறு மொழிகளில் அனுபவித்தார்கள். ஒருவர் மொழி மற்றவருக்குப் புரியவில்லை. ஆகவே சேர்வதற்கு முன் ஒவ்வொருவரும் தனித்தனியே குணமாக வேண்டியிருக்கிறது. யாஸ்மென் மருத்துவ உதவியையும் ஆலோசனையையும் ஏற்று மெல்ல எழுந்து வருவதைக் காதல் கதையின் முகவுரையாகத் தள்ளிவிடாமல், கதையின் உடலாகவே ரயன் வைக்கிறார். ஆலோசகரிடம் போவதை வீண் என்று நினைத்திருந்த ஜோசையா, மகனுக்காகத் தானும் போகச் சம்மதித்து, அங்கே முதன்முதலாகத் தன் இழப்புகளைப் பெயர் சொல்லிப் பேசுகிறான். இடையில் இருவரும் வேறு ஆட்களோடு பழகிப் பார்க்கிறார்கள். பெற்றோர் திரும்பச் சேரக்கூடும் என்ற எண்ணம் பிள்ளைகளை எப்படி அலைக்கழிக்கும் என்ற அச்சமும் கூடவே நிற்கிறது. அவன் அவளை மீண்டும் தொடும் காட்சிகளில் வெறும் வேட்கை மட்டும் இல்லை. மூன்று முறை கருச்சுமந்த உடலையும் அதன் இழப்பையும் அறிந்த கைகள் அவை. அந்தக் காட்சிகளை வேறு எந்த வகைக் காதல் நாவலாலும் எழுத முடியாது. அதற்கு வேண்டிய கடந்த காலம் மற்றக் கதைகளில் இருப்பதில்லை.

கதை சொல்லும் முறையும் இந்த ஈர்ப்பில் பங்கு கொள்கிறது. வயது வந்த இருவர் பிரிந்த பிறகு காரணமில்லாமல் சந்திக்க மாட்டார்கள். ஆளுக்கொரு ஊர், வேலை, வாடகை, தவணை என்று வாழ்க்கை அவர்களைத் தள்ளிவைக்கும். எனவே ஒரு சாவு வீடோ, கல்யாணமோ, விற்கப்போகிற வீடோ, கூட்டுத் தொழிலோ வேண்டியிருக்கிறது. கனடா எழுத்தாளர் கார்லி ஃபார்ச்சூனின் ‘எவ்ரி சம்மர் ஆஃப்டர்’ நாவலில், ஒன்டாரியோ மாகாணத்து ஏரிக்கரை ஊர் ஒன்றுக்கு நாயகியைத் திரும்ப அழைப்பது நாயகனுடைய தாயின் இறுதிச் சடங்கு. ஆறு கோடைகள் ‘அன்று’, ஒரே ஒரு வார இறுதி ‘இன்று’ என்று இரண்டு காலங்களும் மாறி மாறி வருகின்றன. அவர்கள் எதனால் பிரிந்தார்கள் என்பது கடைசிவரை தள்ளிவைக்கப்படுகிறது. ஒரு துப்பறியும் கதையில் கொலையாளியைத் தேடுவதுபோல வாசகர் பிரிவின் காரணத்தைத் தேடிக்கொண்டு போகிறார். போகும் வழியில், நாயகியின் பங்கும் அதில் இருக்கிறது என்பதை அறிகிறார். பெண்ணும் தவறு செய்திருக்கலாம், அவளும் மன்னிப்புக் கேட்க வேண்டியிருக்கலாம் என்று ஏற்பது, நாயகியை மாசற்றவளாகவே வைத்துப் பழகிய ஒரு வகைக்கு ஆரோக்கியமான வளர்ச்சி.

எமிலி ஹென்றியின் ‘ஹேப்பி பிளேஸ்’ 2023இல் வந்தது. நண்பர்கள் ஆண்டுதோறும் கூடும் மேன் மாநிலத்துக் கடற்கரை வீடு விற்கப்படப்போகிறது. நிச்சயம் முறிந்துபோன இருவர், அதை யாரிடமும் சொல்லாமல், ஒரு வாரம் இன்னும் சேர்ந்திருப்பதுபோல் நடிக்கிறார்கள். நடிப்புக்குத் தேவையான அத்தனை நெருக்கமும் பழக்கமாகவே கையில் இருப்பதுதான் அவர்களுக்கு வேதனை. இந்த நாவலின் முடிவில் எனக்கு ஒரு மனத்தடை உண்டு. அறுவை மருத்துவப் பயிற்சியில் இருக்கும் நாயகி அதை விட்டுவிட்டு மண்பாண்டக் கலைக்குப் போகிறாள். அந்தப் படிப்பு அவள் தன் பெற்றோருக்காகச் சுமந்தது என்பது நன்றாகவே நிறுவப்பட்டிருக்கிறது. இருந்தாலும், சேர்வதற்காக ஊரையும் தொழிலையும் விட்டுப் பெயர்ந்தவள் பெண்ணாக இருப்பதை என்னால் கடந்துபோக முடியவில்லை.

டியா வில்லியம்ஸ் 2021இல் எழுதிய ‘செவன் டேஸ் இன் ஜூன்’ வேறொரு நுட்பத்தைச் செய்கிறது. ஈவா, ஷேன் இருவரும் எழுத்தாளர்கள். பதின்வயதில் ஏழே நாள்கள் ஒன்றாக இருந்தவர்கள். அதன் பிறகு பதினைந்து ஆண்டுகள் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. ஆனால் தத்தம் புத்தகங்களில் மற்றவரை எழுதிக்கொண்டே இருந்திருக்கிறார்கள். உலகம் கதை என்று நினைத்துப் படித்ததை அவர்கள் இருவர் மட்டும் கடிதமாகப் படித்திருக்கிறார்கள். ஈவா, ஓயாத ஒற்றைத் தலைவலியை மற்றவர் கண்ணுக்கு மறைத்து மகளை வளர்க்கிறவள். ஷேன் குடியை விட்டவன். அவர்களுக்கு இடையே விளக்கம் தேவையில்லாத இடங்கள் பல. பழைய உறவின் இந்தச் சுருக்கெழுத்தைப் படிக்கும்போது கிடைக்கும் மகிழ்ச்சி தனியானது. நீண்ட காலம் ஒருவரோடு வாழ்ந்தவர்கள் அதை உடனே கண்டுகொள்வார்கள்.

எல்லா இரண்டாம் வாய்ப்பு நாவல்களும் இந்தத் தரத்தில் இல்லை. ஒருவர் பேசியதை மற்றவர் அரைகுறையாகக் கேட்டதால் பத்தாண்டு பிரிந்திருந்தார்கள் என்ற கதைகள் என்னைப் பொறுமையிழக்கச் செய்கின்றன. ஐந்து நிமிடப் பேச்சில் தீர்ந்திருக்கக்கூடியதைப் பத்தாண்டாகப் பேசாதவர்கள், பதினோராம் ஆண்டில் எப்படிப் பேசப்போகிறார்கள்? பிரிந்தது நியாயமாக இருந்தால்தான் சேர்வதற்கு ஒரு பெறுமதி உண்டு. அடித்தவனும் மிரட்டியவனும் பூங்கொத்தோடு திரும்பி வருவதை இரண்டாம் வாய்ப்பு என்று எழுதுகிற நூல்களை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. அத்தகைய உறவிலிருந்து வெளியேறியவருக்கு, திரும்பிப் போகாமல் இருப்பதுதான் கிடைத்த இரண்டாம் வாய்ப்பு. தமிழில் இணையத்தில் வெளிவரும் குடும்ப நாவல்களிலும் பிரிந்த தம்பதியர் மீண்டும் சேரும் கதைகள் ஏராளம். அவற்றிலும், கணவன் தன் கொடுமைக்குப் பதில் சொல்லாமல் குழந்தையை முன்னிட்டு வீட்டுக்குள் நுழைந்துவிடும்போது, நான் புத்தகத்தை மூடிவிடுகிறேன்.

நடைமுறை வாழ்க்கை இந்தக் கண்டிப்பை ஆதரிக்கிறது. பிரிவதும் சேர்வதுமாக இருக்கும் இணையர்களைப் பற்றி டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ரெனே டெய்லி செய்துவரும் ஆய்வுகளில், அவர்கள் மற்ற இணையர்களைவிடக் குறைந்த மனநிறைவையே தெரிவிக்கிறார்கள். எலிசபெத் டெய்லரும் ரிச்சர்ட் பர்ட்டனும் 1964இல் மணந்து, 1974இல் பிரிந்து, 1975இல் போட்ஸ்வானாவில் மறுபடி மணந்து, 1976இல் மறுபடி பிரிந்தார்கள். அவர்களுக்குள் அன்பு இல்லை என்று யாரும் சொன்னதில்லை. அன்பு திரும்புவதும் மனிதர் மாறுவதும் வெவ்வேறு நிகழ்ச்சிகள். நல்ல நாவல் இரண்டாவதைக் காட்டுவதற்கே பக்கங்களைச் செலவிடுகிறது.

இதைத் தமிழ் வாசகருக்கு அயலான உணர்ச்சி என்று யாரும் நினைக்க வேண்டாம். ஊடல் வேறு, இது வேறு என்பதை மட்டும் மனத்தில் கொள்ள வேண்டும். திருக்குறள் தன் கடைசி மூன்று அதிகாரங்களில் பாடும் ஊடல், அறுபடாத உறவுக்குள் நிகழும் விளையாட்டு; அங்கே கதவு சாத்தப்பட்டிருக்கலாம், வீடு இடிந்துவிடவில்லை. வீடு இடிந்த பிறகு என்ன என்ற கேள்வியைச் சிலப்பதிகாரம் கேட்கிறது. மாதவியைப் பிரிந்து திரும்பும் கோவலன், குலத்துச் செல்வம் முழுவதையும் தொலைத்துவிட்ட வறுமை தனக்கு நாணம் தருகிறது என்கிறான். கண்ணகி புன்முறுவலோடு, சிலம்பு இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள் என்கிறாள். அங்கே அவன் பணத்தை இழந்ததற்காக நாணினானே தவிர, அவளுக்குச் செய்ததைப் பற்றிக் கேட்கவில்லை. பலர் அந்த மன்னிப்போடு நின்றுவிடுகிறார்கள். மதுரையில், கொலைக்களக் காதையில், அவள் சமைத்த உணவை உண்ட பிறகுதான் அவன் தன் தவறுகளை ஒவ்வொன்றாகச் சொல்லி, எழு என்றதும் எழுந்து வந்தாயே, என்ன காரியம் செய்தாய் என்று வருந்துகிறான். அப்போது அவள், அவன் இல்லாத நாள்களில் அவனுடைய பெற்றோர் முன் தான் காட்டிய பொய்ச் சிரிப்பைச் சொல்கிறாள். ‘போற்றா ஒழுக்கம் புரிந்தீர்’ என்று முகத்துக்கு நேரே சொல்கிறாள். முதல் முறுவல் கடமையால் வந்ததோ என்ற ஐயம் அந்த ஒரு வாக்கியத்தால் நமக்குள் எழுகிறது. குற்றம் பெயர் சொல்லப்பட்டு, அவன் கேட்டு நின்ற பிறகே அவர்கள் உண்மையில் மீண்டும் கணவன் மனைவி ஆகிறார்கள். பிறகு அவன் சிலம்போடு கடைத்தெருவுக்குப் போய்விடுகிறான். கணக்குத் தீர்ந்த வாழ்க்கை அவர்களுக்குச் சில நாழிகைகூட வாய்க்கவில்லை.

எதிலிருந்து தொடங்கலாம் என்பதற்கு, பழைய ஆங்கிலம் தடையில்லை என்றால் ‘பெர்சுவேஷன்’ நாவலிலிருந்தே என்பேன். முதல் சில அத்தியாயங்கள் மெதுவாக நகரும். வென்ட்வொர்த் ஓர் அறைக்குள் நுழைந்து வெளியேறுவதை ஆன் ஒரு நிமிடக் குழப்பமாகக் கடக்கும் இடம்வரை பொறுத்துக்கொள்ள வேண்டும். இன்றைய நடையில் வேண்டும் என்றால் ‘எவ்ரி சம்மர் ஆஃப்டர்’ இலகுவான நுழைவு. ‘பிஃபோர் ஐ லெட் கோ’ இவற்றுள் மிகச் சிறந்தது என்பது என் துணிபு. ஆனால் கருவிழப்போ குழந்தையின் மரணமோ உங்கள் வீட்டில் அண்மையில் நேர்ந்திருந்தால் அதை இப்போது எடுக்க வேண்டாம். அந்தப் பகுதிகளை ரயன் சுருக்கமாகக் கடந்துபோவதில்லை. சில மாதங்கள் கழித்து, துணைக்கு ஒருவர் வீட்டில் இருக்கும் நாளாகப் பார்த்துத் தொடங்குங்கள்.